1970 செவர்லே பிக்கப்பில் ஏசி: பதினொரு வார இறுதிகளின் கணக்கு

பக்கத்து வீட்டுக்காரரின் பழைய பிக்கப் டிரக்கில் ஏசி பொருத்த நான்கு வார இறுதிகள் போதும் என்று கணக்குப் போட்டிருந்தோம். பதினொன்று ஆயிற்று. அதில் ஏசியைப் பொருத்துவதற்குச் செலவானது மூன்றே மூன்று. மீதி எட்டும் எங்கே போயின என்பதை எழுதிவைக்கத்தான் இந்தக் குறிப்பு. இதே வேலையில் இறங்கப்போகிற யாருக்காவது இரண்டு வார இறுதிகளாவது மிச்சமாகட்டும்.

நாங்கள் இருப்பது டெக்சஸ் மாநிலத்தின் சான் ஆன்டோனியோ நகரம். ஆகஸ்டில் பிற்பகல் வெயில் 37, 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது இங்கே செய்தியே அல்ல. நான் பல ஆண்டுகளாகக் கட்டட ஏசி பராமரிப்பில் இருப்பவன். கேஜ், வாக்குவம் பம்ப், எடைத் தராசு எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. "ஐந்து மாடிக் கட்டடத்தைக் குளிரவைக்கிறவனுக்கு இரண்டு பேர் உட்காரும் தகரப் பெட்டி எம்மாத்திரம்?" என்ற திமிரோடுதான் தொடங்கினேன். அந்தத் திமிருக்கும் எட்டு வார இறுதிகளில் ஒரு பங்கு உண்டு.

வண்டி 1970ஆம் ஆண்டு செவர்லே சி10. நீளத் தொட்டி வைத்தது, சக்கர இடைவெளி 127 அங்குலம். உரிமையாளரின் அப்பா புதிதாக வாங்கியது. அந்த ஆண்டிலேயே கூடுதல் பணம் கட்டினால் ஆலையிலேயே ஏசி வைத்துக் கொடுத்தார்கள். "ஜன்னல்தான் இருக்கிறதே, அதற்கு எதற்குக் காசு?" என்று அப்பா மறுத்துவிட்டாராம். வாங்கும்போது இருந்த 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் எண்பதுகளில் படுத்துவிட, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய 350 கன அங்குல வி8 எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்பியது.

உரிமையாளருக்கு இப்போது 71 வயது. அவருடைய மனைவி மே மாதத்துக்குப் பிறகு அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவரையும் ஏற்றிக்கொண்டு கோடையில் ஃபிரெடெரிக்ஸ்பர்க் வரை போய் பீச் பழம் வாங்கி வர வேண்டும். உரிமையாளர் கேட்டது அவ்வளவுதான்.

ஸ்பானரைத் தொடும் முன் அளந்துவைத்தது நல்லதாகப் போயிற்று. வெளியே 36 டிகிரி இருந்த ஒரு நாள், அரை மணி நேரம் ஓட்டிய பிறகு, ஓட்டுநரின் தலை உயரத்தில் 43 டிகிரி. கியர்பெட்டிக்கு மேலே எழும்பி நிற்கும் தரைத் தகட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தால் 64. அதாவது வெயில் மேலேயிருந்து மட்டும் வரவில்லை, காலுக்கடியில் ஓர் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது.

ஆலையில் பொருத்திய ஏசியின் பழைய பாகங்களைத் தேடி வாங்கிப் போடலாமா என்று முதலில் பேசினோம். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஏ6 கம்ப்ரசர் (வாயுவை அழுத்தித் தள்ளும் பம்ப்) பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அது கேட்கும் ஆர்12 என்ற குளிர்பதன வாயுவின் உற்பத்தி அமெரிக்காவில் 1995 இறுதியோடு நின்றுவிட்டது. அதோடு ஏசி வண்டிக்கும் ஏசி இல்லாத வண்டிக்கும் ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர்) தகட்டின் வெட்டே வேறு. அசலைப் பாதுகாப்பது பெருமைதான், ஆனால் அசலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கும்போது எந்த அசலைப் பாதுகாப்பது? ஆர்134ஏ வாயுவில் ஓடும், டேஷ்போர்டுக்குப் பின்னால் அடங்கிவிடும் கிட் (எல்லாப் பாகங்களும் சேர்ந்த தொகுப்பு) ஒன்றை வாங்கினோம். ஏழு கிலோ அளவிலான சாண்டன் வகைக் கம்ப்ரசர், ரேடியேட்டருக்கு முன்னால் நின்று வாயுவின் வெப்பத்தை வெளியே விடும் மெல்லிய இணைக்குழாய்க் கண்டென்சர், கூலிங் காயிலும் ஹீட்டர் காயிலும் ஒரே பெட்டிக்குள். விலை ஏறத்தாழ 1,700 டாலர்.

பெல்ட் கோடு

கிட்டை வண்டியின் ஆண்டைச் சொல்லி வாங்கினோம். 1970 சி10, வி8 எஞ்சின். கடைக்காரர் கேட்டதும் அவ்வளவு, நாங்கள் சொன்னதும் அவ்வளவு. கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட்டை மாட்டி, நீளமான ஓர் இரும்புப் பட்டையை கிராங்க் புல்லியின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தால் கம்ப்ரசர் புல்லி ஓர் அங்குலத்துக்கு மேல் விலகி நின்றது. வாஷர் போட்டுச் சரிக்கட்டும் அளவா அது?

காரணம் வாட்டர் பம்ப். செவர்லேயின் சிறிய வி8 எஞ்சின்களில் இரண்டு நீளங்களில் வாட்டர் பம்ப் உண்டு. குட்டை பம்ப் ஐந்தரை அங்குலத்துக்குச் சற்று மேல், நெட்டை பம்ப் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் கீழ். டிரக்குகளில் 1972 வரை குட்டைதான், 1973 முதல் நெட்டை. எங்கள் வண்டி 1970, எஞ்சினோ அதற்குப் பிந்தையது, அதன் பம்பும் நெட்டை. பிராக்கெட்டைத் திருப்பி அனுப்பி மாற்றுவதில் இரண்டு வாரம் போயிற்று. கடைக்காரர்மேல் தவறில்லை. எஞ்சினைச் சொல்ல வேண்டிய இடத்தில் வண்டியின் பதிவுப் புத்தகத்தைச் சொன்னது நாங்கள். பம்பின் முகத்திலிருந்து எஞ்சின் கட்டை வரை அளவுகோல் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

உள்ளே வேலை அவ்வளவு படுத்தவில்லை. பழைய ஹீட்டர் பெட்டியையும் கையுறைப் பெட்டியையும் கழற்றினால் இடம் கிடைக்கிறது. கையுறைப் பெட்டிக்குப் பதிலாகக் கிட்டில் வரும் பெட்டி பாதி ஆழம்தான். உரிமையாளர் பழைய பெட்டியில் வைத்திருந்த அப்பாவின் டயர் காற்றழுத்தமானி நல்லவேளையாக உள்ளே போயிற்று. கூலிங் காயிலில் சேரும் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குச் சரிவு கொடுக்க மறக்கக் கூடாது. மட்டமாக விட்டால் தண்ணீர் பயணியின் காலணியைத் தேடி வரும். இந்தத் தலைமுறை சி10இல் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்சுவரில் துளைபோட ஆசை வந்தால் அதை அடக்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரம் தனிக் கதை. எஞ்சினை மாற்றியவர்கள் பழைய 37 ஆம்பியர் ஆல்டர்னேட்டரையே மறுபடியும் மாட்டியிருந்தார்கள். ஹீட்டர் மோட்டாரும் முகப்பு விளக்கும் மட்டும் இருந்த காலத்தில் அது போதும். ப்ளோயர் முழு வேகத்திலும் கம்ப்ரசர் கிளட்சும் சேர்ந்தால் இருபது ஆம்பியரைச் சாப்பிடுகின்றன. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் கொடுப்பதே அதற்கு ஈடாகாது. இரவில் கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் முகப்பு விளக்கு கண் சிமிட்டியது. 94 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் பேட்டரி வரை தடித்த புதுக் கம்பியும் போட்டதும் நின்றது.

வாயு ஏற்றுவது என் துறை என்பதால் அதில் கறாராக இருந்தேன். ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரின் மூடியை எல்லாக் குழாய்களும் பூட்டிய பிறகுதான் திறக்க வேண்டும், முன்பே திறந்துவைத்தால் அது காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டு நம்மிடம் வரும்போது வயிறு நிறைந்திருக்கும். ஓ-ரிங்குகளுக்கு எண்ணெய் தடவி, இரண்டு ஸ்பானர் பிடித்து இறுக்கினோம். நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) ஏற்றிச் சோப்பு நுரை பூசியபோது ட்ரையர் முனையில் ஒரு குமிழ் பூத்தது. அங்கே ஓ-ரிங்கின் விளிம்பு நகக்கண் அளவுக்குக் கிழிந்திருந்தது. மாற்றிய பின் வாக்குவம் பம்பை ஒரு மணி நேரம் ஓட்டினோம். உள்ளே இருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து வெளியேற வேண்டுமென்றால் அவ்வளவு ஆழமான வெற்றிடம் தேவை. பம்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் அசையவில்லை என்று பார்த்த பிறகே வாயு. கிட்டுக்கு உரிய அளவு 1.8 பவுண்டு, அதாவது 816 கிராம். தராசில் வைத்து எடை பார்த்து ஏற்றினோம். "குழாய் சில்லென்று ஆகும்வரை ஏற்று" என்ற முறையை நான் சொந்தப் பகையாகவே கருதுகிறேன். எஞ்சினைக் கிளப்பும் முன் கம்ப்ரசரின் முகப்பைக் கையால் பதினைந்து முறை சுற்றினோம். உள்ளே திரவம் தேங்கியிருந்தால் அது முதல் சுற்றிலேயே வால்வை உடைத்துவிடும்.

அமெரிக்காவில் வண்டி ஏசியில் கூலிக்கு வேலை செய்ய தூய காற்றுச் சட்டத்தின் 609ஆம் பிரிவின்கீழ் தனிச் சான்றிதழ் வேண்டும். கட்டட ஏசிக்கான 608 இதற்குச் செல்லாது. நான் கூலி வாங்கவில்லை. ஆனாலும் தேர்வை எழுதி வைத்துக்கொண்டேன். கூலி உண்டோ இல்லையோ, வாயுவை வேண்டுமென்றே காற்றில் விடுவது இங்கே சட்டப்படி குற்றம்.

இரண்டு டிகிரி காயில், பதினேழு டிகிரி காற்று

முதல் ஓட்டம். வெளியே 37 டிகிரி, எஞ்சின் 1,500 சுற்று. கேஜில் தாழ் பக்கம் (காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கம்) 31 பிஎஸ்ஐ, உயர் பக்கம் (கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் பக்கம்) 225. ஆர்134ஏ வாயுவுக்கு 31 பிஎஸ்ஐ என்றால் காயிலுக்குள் சுமார் 2 டிகிரி என்று பொருள். அந்த வெயிலுக்கு உயர் பக்கமும் எதிர்பார்த்த எண்தான். பாடப் புத்தகத்தில் படம் போடலாம்.

ஆனால் டேஷ்போர்டு துவாரத்தில் செருகிய வெப்பமானி 17 டிகிரியில் நின்றது. பத்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லை. அவர் கையைத் துவாரத்தின் முன்னால் வைத்துப் பார்த்து, "குளிர்கிறது, ஆனால் மனைவியைக் கூப்பிடும் அளவுக்கு இல்லை" என்றார்.

அடுத்த இரண்டு வார இறுதிகளை நான் வீணாக்கிய விதத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வாயுவை மீட்டு எடை பார்த்து மறுபடி ஏற்றினேன். காயிலுக்குள் வாயுவை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் உணர்குமிழைச் சுற்றிக் காப்பு நாடாவை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். வெப்பநிலைக் கட்டுப்பாட்டை மாற்றலாமா என்று யோசித்தேன். கேஜ் நலம் என்று சொல்லியும் நோயைக் கேஜ் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த பக்கம் அது.

காயில் 2 டிகிரியில் இருந்து காற்று 17 டிகிரியில் வந்தால், நடுவில் யாரோ அதைச் சூடாக்குகிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேலையிலிருந்து திரும்பும் வழியில்தான் இது உறைத்தது. அந்தப் பெட்டிக்குள் கூலிங் காயிலைத் தாண்டும் காற்று அடுத்துச் சந்திப்பது ஹீட்டர் காயிலை. வீட்டுக்கு வந்ததும் அவரை அழைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் இரண்டையும் துணி சுற்றிய இடுக்கியால் நெரித்தோம். நான்கு நிமிடத்தில் 17 என்பது 9 ஆனது. இடுக்கியை விட்டதும் மறுபடி ஏறத் தொடங்கியது.

வெந்நீரைத் தடுக்க ஒரு வால்வு கிட்டிலேயே உண்டு, அதைப் போட்டும் இருந்தோம். தவறான ஹோஸில் போட்டிருந்தோம். எஞ்சினில் ஹீட்டருக்கான இரண்டு வாய்கள் இருக்கின்றன: ஒன்று இன்டேக் மேனிஃபோல்டில், மற்றொன்று வாட்டர் பம்பின் தலையில். பம்ப் என்றால் தள்ளும், எனவே பம்பிலிருந்து கிளம்பும் ஹோஸ்தான் ஹீட்டருக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது என்று இருவரும் யோசிக்காமலே எடுத்துக்கொண்டோம். உண்மை நேர்மாறு. இந்த எஞ்சினில் சூடான தண்ணீர் மேனிஃபோல்டிலிருந்து, எட்டில் ஐந்து பங்கு அங்குல வாயிலிருந்து, ஹீட்டருக்குப் போகிறது. பம்பின் தலையிலிருக்கும் முக்கால் அங்குல வாய் உறிஞ்சும் வாய், தண்ணீர் அதன் வழியே திரும்புகிறது. நாங்கள் வால்வைத் திரும்பும் பாதையில் மாட்டி, அதன்மேல் இருந்த அம்புக்குறியையும் எங்கள் தவறான நம்பிக்கைக்கு ஏற்பத் திருப்பியிருந்தோம். எதிர்த் திசையில் அழுத்தம் வரும்போது உள்ளிருக்கும் அடைப்பான் முழுதாக உட்காருவதில்லை. நூல் கனத்துக்குக் கசிந்த வெந்நீர் போதும், எட்டு டிகிரியைத் தின்றுவிட்டது.

வால்வை மேனிஃபோல்டு ஹோஸுக்கு மாற்றி அம்பைச் சரியாகத் திருப்ப நாற்பது நிமிடம். துவாரத்தில் 8 டிகிரி.

நிற்கும்போது மட்டும்

நெடுஞ்சாலையில் அருமையாக இருந்தது. வங்கியின் கார் வரிசையில் இருபது நிமிடம் நின்றபோது துவாரத்தில் 16 டிகிரிக்கு ஏறி, ரேடியேட்டர் முள்ளும் கூடவே எழுந்தது. வீட்டில் அதே நிலையை உண்டாக்கிப் பார்த்தோம்: மெதுவான சுற்று, நிழல் இல்லாத தரை, முகப்பு சுவரைப் பார்த்து. உயர் பக்கம் மெல்ல மெல்ல 340 பிஎஸ்ஐ வரை போயிற்று. 400ஐத் தாண்டினால் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அதற்கு நெடுந்தூரம் இல்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. தோட்டத்துக் குழாயில் மென்தூறலாகக் கண்டென்சர்மேல் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் 340 என்பது 230க்கு விழுந்தது. வாயு கூடுதலாக இருந்தாலோ உள்ளே காற்று புகுந்திருந்தாலோ நின்றாலும் ஓடினாலும் எண் கூடித்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் சரியாக இருப்பது, நின்றால் ஏறுவது, தண்ணீர் பட்டால் சட்டென்று விழுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் கண்டென்சர் மூச்சுத் திணறுகிறது என்றுதான் அர்த்தம்.

எஞ்சினுக்கு முன்னால் குனிந்து பார்த்தால் விஷயம் கண்ணெதிரே கிடந்தது. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மூன்று அங்குல இடைவெளி, சுற்றிலும் கூண்டு கிடையாது. எஞ்சினை மாற்றியவர்கள் ஃபேன் கூண்டைத் திரும்ப மாட்டவில்லை. கூண்டில்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பதைவிட, எஞ்சின் அறையின் சூடான காற்றையே எடுத்து எடுத்துச் சுழற்றுகிறது. முப்பது ஆண்டுகளாக அது போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது, ஏனென்றால் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு வெப்பப் பெட்டியை யாரும் கட்டவில்லை.

சரியான கூண்டு கிடைக்க ஒரு வாரம். ஃபேன் இறக்கையின் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி இடைத்துண்டு போட்டோம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள ஓரங்களை ரப்பர் பட்டையால் அடைத்தோம். காற்று சோம்பேறி, வழி இருந்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். அதே வெயிலில், நின்ற நிலையில், உயர் பக்கம் 265. துவாரத்தில் 11.

ஊதுபத்தி

இவ்வளவுக்குப் பிறகும் தலை உயரத்தில் 30 டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தது. துவாரத்தில் எட்டு, முகத்தில் முப்பது.

பூஜை அறையிலிருந்து ஊதுபத்தியை எடுத்துவந்தேன். இருக்கைக்குப் பின்னால் டேங்க் இருக்கிற வண்டியில் கனலும் நுனியைக் கொண்டுபோவது புத்திசாலித்தனம் அல்ல என்று வாசற்படியிலேயே உறைத்தது. திரும்பிப்போய் டால்கம் பவுடர் டப்பாவை எடுத்துவந்தேன். ப்ளோயரை ஓடவிட்டு, கால் பக்கத்துப் பக்கச் சுவரருகே டப்பாவை மெல்ல அமுக்கினால் பவுடர் கேபினுக்குள்ளே சீறி வந்தது. அங்கேதான் இந்த வண்டிகளின் பழைய ஏசி இருக்கிறது: கண்ணாடிக்கு முன்னாலிருக்கும் இடுக்குகள் வழியே வெளிக்காற்றை வாங்கிக் காலடியில் விடும் திறப்புகள். கம்பியை இழுத்தால் மூடிக்கொள்ளும். ஐம்பது ஆண்டு வயதான ரப்பர் விளிம்பு தூளாகிவிட்டதால், மூடினாலும் மூடவில்லை. இரண்டையும் தகடு வைத்து அடைத்தோம்.

அதே பவுடர் ஸ்டீயரிங் தண்டின் காலரையும், மிதிகளின் துளைகளையும், பழைய ஹீட்டர் ஹோஸ் போன இரண்டு ஓட்டைகளையும் காட்டிக்கொடுத்தது. அவற்றை அடைத்த பிறகு தரை. சத்தம் அடக்கும் அலுமினியம் ஒட்டிய தார் விரிப்பு வெப்பத்தையும் தடுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தகட்டின் அதிர்வைக் கொல்லும், வெப்பத்தை அவ்வளவாக நிறுத்தாது. அதன்மேல் மூடிய துளைகள் கொண்ட நுரை விரிப்பும் கம்பளமும் போட்டோம். கியர்பெட்டி மேட்டில் 64 காட்டிய வெப்பமானி கம்பளத்தின்மேல் 39 காட்டியது.

எல்லாம் முடிந்த பிறகு, வெளியே 37 டிகிரி இருந்த நாளில், முதலில் ஓட்டிய அதே பாதையில் அரை மணி நேரம் ஓட்டினோம்: துவாரத்தில் 7, தலை உயரத்தில் 24. கிட்டுக்கு மேல் ஆல்டர்னேட்டர், கூண்டு, விரிப்பு, சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து இன்னொரு 900 டாலர். அடுத்த முறை செய்தால் வரிசையைத் தலைகீழாக்குவேன்: முதலில் ஓட்டைகளை அடைத்துத் தரையை மூடுவது, பிறகு ரேடியேட்டரின் காற்றோட்டம், பிறகு மின்சாரம், கடைசியில் கிட். முதல் இரண்டையும் முடித்தாலே ஏசி இல்லாமல் ஆறேழு டிகிரி குறைந்திருக்கும் என்பது என் மதிப்பீடு.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் இருவரும் ஃபிரெடெரிக்ஸ்பர்க் போய்வந்தார்கள். பீச் பழத்தின் பருவம் முடியும் தறுவாய், கடைசிக் கூடைகளில் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. வழியில் ப்ளோயரைக் குறைக்கச் சொன்னது மனைவிதானாம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கியரில் போட்டுச் சிக்னலில் நிற்கும்போது கம்ப்ரசர் பிடித்தால் எஞ்சின் 650 சுற்றிலிருந்து 520க்கு விழுந்து வண்டி நடுங்குகிறது. கம்ப்ரசர் ஓடும்போது மட்டும் த்ராட்டிலைச் சற்றே தள்ளிப்பிடிக்கும் சிறிய சோலனாய்டு (மின்சாரத்தில் நகரும் தண்டு) ஒன்றை கார்பரேட்டரின் பக்கத்தில் வைக்க வேண்டும். பெட்டி வந்துவிட்டது, என் மேசைமேல் இருக்கிறது. இந்த முறை கார்பரேட்டரின் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினோம்.